சிர்க்கானில் மறைந்திருந்த 72ஆம் தனிமம்: எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வு வரலாற்றில் ஒரு நிகழ்வு

1789இல் ஜெர்மானிய வேதியியலர் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து கிடைத்த சிர்க்கான் மணிக்கல்லைப் பகுத்து, சிர்கோனியத்தின் ஆக்சைடைக் கண்டறிந்தார். அதன்பின் 130 ஆண்டுகளுக்கு மேலாக அக்கனிமம் பல ஆய்வகங்களில் கரைக்கப்பட்டது, வீழ்படிவாக்கப்பட்டது, எடையிடப்பட்டது. அதனுள் மற்றொரு தனிமமும் உண்டு என்பதை எந்தத் தராசும் காட்டவில்லை. இதனைக் கவனக்குறைவு எனக் கொள்வது பொருந்தாது. இரு தனிமங்களின் அயனிகளும் ஏறத்தாழ ஒரே அளவின. வேதிவினைகளிலும் ஒன்றையொன்று ஒத்தவை.

தனிமங்கள் வெளியிடும் சிறப்பு எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணது வர்க்கமூலம் அணு எண்ணுக்கேற்பச் சீராக உயர்கிறது என்பதை 1913–14இல் ஹென்றி மோஸ்லி நிறுவினார். எலக்ட்ரான் கற்றையால் தாக்கப்பட்ட கனிமத்திலிருந்து எழும் கோடுகளின் இடத்தைக் கொண்டே அதிலுள்ள தனிமத்தை அறிய இவ்விதி வழிசெய்தது. பிரெஞ்சு வேதியியலர் உர்பேன், அருமண் கனிமங்களிலிருந்து பிரித்து 1911இல் 'செல்டியம்' எனப் பெயரிட்ட பொருளை 1914இல் ஆக்ஸ்போர்டுக்கு எடுத்துச் சென்றார். மோஸ்லியின் சோதனையில் புதிய தனிமத்துக்குரிய கோடுகள் தென்படவில்லை. மறு ஆண்டே மோஸ்லி கலிப்போலிப் போர்க்களத்தில் உயிரிழந்தார். 1922இல் டோவிலியே, உர்பேனின் பொருளில் மங்கலான இரு கோடுகளைக் கண்டதாக அறிவித்தார்.

கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவேசியும் அருமண் கனிமங்களை விடுத்துச் சிர்க்கானைத் தேர்ந்தனர். இத்தேர்வு போரின் அணுக்கொள்கைக்குக் கிடைத்த வெற்றியாகவே பெரிதும் எழுதப்படுகிறது. ஆயினும் 72ஆம் இடத்துக்குரியது சிர்கோனியத்தின் இனம் என்பதைத் தனிம வரிசையைக் கொண்டே 1895இல் தாம்சன் கூறியிருந்தார் என்பதை மறத்தல் கூடாது. சிர்க்கானில் கோடுகள் தெளிவாகவே எழுந்தன. 1922 டிசம்பர் 11 அன்று போர் தம் நோபல் உரையில் இதனை அறிவித்தார். 1923 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளிவந்தது. கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரையொட்டித் தனிமம் 'ஹாஃப்னியம்' எனப்பட்டது.

கோட்டின் இடம் தனிமம் இன்னதென்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே அண்டையிலுள்ள 73ஆம் தனிமமான தாண்டலத்தை அறிந்த அளவில் கலந்து, இரண்டன் கோடுகளின் செறிவை ஒப்பிட்டனர். சிர்கோனியக் கனிமங்கள் பலவற்றில் ஹாஃப்னியம் சில விழுக்காடு அளவில் இருப்பது இவ்வாறு புலனாயிற்று.

உரிமைப் பூசலும் இம்முறையாலேயே ஒருபுறம் முடிவுக்கு வந்தது. நியூசிலாந்து மணலிலிருந்து அத்தனிமத்தை முன்னரே பிரித்ததாக இலண்டன் வேதியியலர் அலெக்சாண்டர் ஸ்காட் அறிவித்தார். அவர் கோபன்ஹேகனுக்கு அனுப்பிய பொருளில் ஹாஃப்னியத்தின் கோடுகள் காணப்படவில்லை. பாரிஸுடனான பூசல் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. இதற்கிடையே சிர்கோனியத்தின் அணு எடையை மீண்டும் அளக்க நேர்ந்தது. முன்னர் அளக்கப்பட்டவை யாவும் கலவையின் எடைகளே.