சீனன்குடா எண்ணெய்க் குதம்: எரிவும் மீளமைப்பும்

திருகோணமலையின் வரலாறு இடிபாட்டின் வரலாறாகவும் மீளெழுச்சியின் வரலாறாகவும் ஒருங்கே அமைந்ததாகும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயம் மீண்டும் எழுப்பப்பட்டுக் குடமுழுக்குக் கண்டது 1963 ஆம் ஆண்டிலேயாம். கோயிலின் கற்களைக் கொண்டெழுந்த கோட்டையோ ஒல்லாந்தர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் ஆகியோர் கைகளில் மாறிமாறி வீழ்ந்து இன்றும் நிலைபெற்றுள்ளது. இவ்விரண்டையும் பற்றி ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். ஆயின், இருபதாம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தைப் பற்றிய பெருந்தீயும், அதற்குப் பிற்பட்ட மீளமைப்பு முயற்சிகளும் அத்துணைக் கவனம் பெற்றில. சீனன்குடா எண்ணெய்க் குதத்தின் கதை அத்தகையது.

முதலாம் உலகப் போரை அண்டிய ஆண்டுகளிற் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெயை எரிபொருளாகக் கொள்ளலாயிற்று. இம்மாற்றம் கடற்போரின் இயல்பை மட்டுமன்றித் துறைமுகங்களின் அமைப்பையும் மாற்றியது. எண்ணெயைச் சேமித்து வைக்கப் பெருந்தாங்கிகள் கடல்வழி நெடுகிலும் வேண்டப்பட்டன. சிங்கப்பூரிற் பெருங்கடற்படைத் தளம் அமைக்கத் தீர்மானிக்கப்பட்டதும், அதற்குச் செல்லும் வழியிலமைந்த திருகோணமலையின் முதன்மை மேலும் உயர்ந்தது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் சீனன்குடாவின் காட்டுநிலத்தில் நூறளவான உருக்குத் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 முதல் 12,000 தொன் வரை கொள்ளத்தக்கது. அவை ஒரே இடத்திற் குவிக்கப்படாது, ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு, மரங்களின் மறைவில் அமைக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. ஒரு தாங்கி தீப்பற்றின் அத்தீ அயலதற்குத் தாவாதிருத்தல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் உட்பொருளாகும்.

அவ்வமைப்பு சோதனைக்குள்ளான நாள் 1942 ஏப்ரல் 9 ஆகும். அவ்வாண்டு பெப்ரவரி 15 இற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்து சமுத்திரத்திற் பிரித்தானியருக்கு எஞ்சிய முக்கிய தளங்களுட் கொழும்பும் திருகோணமலையும் அடங்கின. அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்ரல் 5 இற் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையின் முறை வந்தது. காலைப் பொழுதில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. துறைமுகத்திலிருந்து வெளியேறிய 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்தினுள் நின்ற 'சகாயிங்' என்னும் வணிகக்கப்பல் குண்டுபட்டு எரிந்தது. எண்ணெய்க் குதத்தில் 91 ஆம் இலக்கத் தாங்கி தீப்பற்றியது.

அத்தாங்கியின்மீது யப்பானிய விமானமொன்று வீழ்ந்ததென்றும், தீ ஏழு நாட்கள் எரிந்ததென்றும் கூறுவர். விமானத்திலிருந்தோர் வேண்டுமென்றே உயிரீந்து மோதினர் என்னும் வழக்கும் உண்டு. யப்பான் தற்கொலைத் தாக்குதலை ஒழுங்குபடுத்தப்பட்ட போர்முறையாக மேற்கொண்டது 1944 ஒக்டோபரிலேயே என்பதை நோக்குமிடத்து, 1942 இல் நிகழ்ந்ததை மேலிடத்துக் கட்டளையின்பாற் சார்த்துதல் பொருந்தாது. அது சேதமுற்ற விமானமொன்றின் வீழ்ச்சியாகவோ, அதனைச் செலுத்தியவரின் அந்நேர முடிவாகவோ இருத்தல் கூடும்.

ஒரு தீ ஏன் ஏழு நாட்கள் எரிய வேண்டும் என்னும் வினா எழலாம். கப்பற் கொதிகலன்களுக்குரிய உலை எண்ணெய் எளிதிற் பற்றாது; பற்றியபின் எளிதில் அவியாது. நீரூற்றி அதனை அவிக்க முயல்வதும் ஆபத்தானது. எண்ணெயிலும் கனத்த நீர் தாங்கியின் அடியிற் சென்று தங்கும். மேலிருந்து இறங்கும் வெப்பம் அந்நீரை எட்டியதும், அது நீராவியாகிப் பன்மடங்கு பெருத்து எரியும் எண்ணெயை வெளியே வீசியெறியும். எனவே, அயற் தாங்கிகளைக் காத்துக்கொண்டு, எரிவதை எரிந்து தீரவிடுதலே பல வேளைகளில் விவேகமான வழியாகின்றது. உருக்கோ ஏறத்தாழ 550 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தன் வலுவிற் பாதியளவை இழந்துவிடும். எண்ணெய்த் தீயின் வெப்பம் அதனிலும் மிக்கது. ஆதலின் தாங்கியின் சுவர்கள் மெழுகுபோல் உட்புறம் மடிந்து வீழும். 91 ஆம் தாங்கியின் உருக்குலைந்த எச்சம் இன்றும் அவ்விடத்திற் காணப்படுகின்றது.

இத்துணைப் பெருந்தீயிலும் ஏனைய தாங்கிகள் எஞ்சின என்பதே இவ்விடத்துக் கருதத்தக்க செய்தியாகும். இடைவெளிவிட்டுக் கட்டியோரின் முன்னறிவு பயன் தந்தது. ஈராண்டுகளுள் துறைமுகம் முன்னிலும் வலுப்பெற்றது. 1944 ஏப்ரலிற் சுமாத்திராவின் சபாங் மீதும், மே மாதத்தில் யாவாவின் சுரபாயா மீதும் நிகழ்ந்த தாக்குதல்களுக்குக் கீழைக் கப்பற்படை திருகோணமலையிலிருந்தே புறப்பட்டது. எரிந்த 'சகாயிங்' கப்பலும் வீணாக விடப்படவில்லை. 1943 ஆகஸ்டில் அது துறைமுகத்தினுள் மூழ்கடிக்கப்பட்டு இறங்குதுறையாகப் பயன்பட்டது. அதன் உடலை இலங்கைக் கடற்படையினர் மீண்டும் மேலே கொணர்ந்தது 2018 மார்ச்சிலாகும். எரிந்தது எதுவெனக் கணித்து, மீளாததைக் கைவிட்டு, மீள்வதை உடனே பயன்படுத்தியமையே முதலாவது மீளமைப்பின் இயல்பு எனலாம். அது விரைந்து நிறைவேறியதற்குக் காரணம், உடைமையாளர் ஒருவராக இருந்தமையும் தேவை ஐயத்துக்கிடமின்றி இருந்தமையுமேயாம்.

இரண்டாவது மீளமைப்பின் கதை இதற்கு முற்றிலும் மாறானது. 1957 ஒக்டோபர் 15 இல், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சிக்காலத்தில், கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தாங்கிகளும் காலப்போக்கில் இலங்கையின் உடைமையாயின. ஆயின், பெருங்கப்பற்படையொன்றுக்கெனக் கட்டப்பட்ட அக்குதம் சிறியதொரு நாட்டின் அன்றாடத் தேவைக்கு மிகைப்பட்டதாயிற்று. நாட்டின் எண்ணெய் இறக்குமதி கொழும்பை நாடியே அமைந்தது. 1969 இல் இயங்கத் தொடங்கிய சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் மேற்குக் கரையிலேயே நிறுவப்பட்டது. கிழக்கே தாங்கிகள் வெறுமையாய்க் கிடந்தன.

வெறுமையான தாங்கிக்குக் கடற்கரையில் தீயிலும் கொடிய பகை உண்டு. எண்ணெய் நிறைந்திருக்கையில் உருக்கின் உட்புறம் ஓரளவு காக்கப்படுகின்றது. வெறுமையாயின் உப்புக் காற்றும் பருவமழை ஈரமும் உள்ளும் புறமும் அரிக்கின்றன. அடித்தகடே முதலில் துளைபடும். கூரையில் இலைகள் மட்கி ஈரத்தைத் தேக்கும். வேர்கள் குழாய்வழிகளைப் பெயர்க்கும். தீ தன் வேலையை யாவரும் காணச் செய்கின்றது. துரு ஒருவரும் காணாதிருக்கச் செய்கின்றது. 91 ஆம் தாங்கியின் அழிவுக்கு ஒரு நாளும் ஓர் இலக்கமும் வரலாற்றில் உண்டு. காட்டினுட் கைவிடப்பட்ட தாங்கிகளின் நலிவுக்கு அத்தகைய நாள் எதுவும் இல்லை.

இந்நிலையில் 1987 யூலை 29 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இக்குதம் இடம்பெற்றது. இதனை மீளமைத்து இயக்கும் பணி இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக அமையும் என அவற்றிற் குறிக்கப்பட்டது. பழைய தாங்கிகள் இரு அரசுகளின் உறவை அளக்கும் பொருளாயின. எனினும், போர்ச்சூழல் நீடித்தமையால் அப்பணி கடிதத்தோடு நின்றது. 2003 இலேயே கீழ்த்தொகுதியின் 15 தாங்கிகளை லங்கா ஐஓசி நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கியது. மேல்தொகுதியோ தொடர்ந்து காட்டினுள் இருந்தது. 2022 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பகுக்கப்பட்டன. கூட்டு நிறுவனத்திற் கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51, மற்றையதன் பங்கு 49 ஆகும். 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் நோக்குடன் புரிந்துணர்வு உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன. 1987 இல் எழுதப்பட்ட ஒரு சொல்லுக்குப் பங்கீடு காண முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

தாங்கியொன்றைப் புதுப்பிக்கும் தொழில்முறை அத்துணைப் புதிரானதன்று. அடியிற் படிந்த கசடும் தங்கிய வாயுவும் நீக்கப்படும், துரு அகற்றப்படும், ஒலியலைக் கருவியால் தகட்டின் தடிப்பு அளக்கப்படும், நலிந்த தகடுகள் மாற்றப்படும், ஈற்றில் நீர் நிரப்பிக் கசிவும் நிலத்தின் அமிழ்வும் சோதிக்கப்படும். இவை யாவும் திங்கட்கணக்கில் முடியத்தக்கன. ஆண்டுகளை விழுங்கியவை, "இது எவருடையது? எதற்கு வேண்டும்?" என்னும் இரு வினாக்களேயாகும்.

இவ்வுண்மை உருக்குத் தாங்கிக்கு மட்டும் உரியதன்று. 1983 யூலையிலும், 2006 ஏப்ரல் 12 ஆம் திகதிச் சந்தைக் குண்டுவெடிப்பைத் தொடர்ந்தும், இந்நகரின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. எரிந்த வீட்டின் கரியை ஒரு வாரத்திற் கழுவலாம். சுவரைச் சில திங்களிற் பூசலாம். வீட்டோடு காணி உறுதியும் எரிந்துபோயின், காணிப் பதிவகத்திற் பிரதி பெற்று உரிமையை நிறுவிய பின்னரே அதன் உரியவன் கல்லெடுத்து வைத்தல் கூடும். அதுகாறும் மழையும் வேரும் காத்திருப்பதில்லை.

ஆகவே, சீனன்குடா எண்ணெய்க் குதத்தின் வரலாறு உணர்த்துவது யாதெனில், மீளமைப்பு என்பது இடிந்ததைக் கட்டும் தொழில் மட்டுமன்று. உரிமையையும் பயனையும் வரையறுக்கும் முடிவே அதன் முதற்படி என்பதாம். போர்க்காலத்து ஆட்சியாளர் அம்முடிவை உடன் எடுத்தனர். துறைமுகம் ஈராண்டில் எழுந்தது. அமைதிக்காலத்தில் அம்முடிவு தள்ளிப்போயிற்று. தீ தீண்டாத தாங்கிகளும் நலிந்தன. ஏழு நாட் தீ அழித்தது ஒரு தாங்கியை. முடிவின்றிக் கழிந்த ஆண்டுகள் அரித்தவை பல.