ஆப்பிள் சாறும் கலால் அதிகாரியும்

சைடர் என்பது வேறொன்றுமில்லை, புளிக்க வைத்த ஆப்பிள் சாறு. ஆப்பிளை அரைத்து, பிழிந்து, பீப்பாயில் ஊற்றி வைத்தால் போதும், மீதி வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். இந்த எளிய பானத்தால் இங்கிலாந்தில் பெரிய அரசியல் கலவரமே நடந்தது என்றால் நம்புவீர்களா?

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் ஜெயித்தது. ஆனால் கஜானா காலி, கடன் மலைபோல் நின்றது. பிரதமர் புயூட் பிரபுவின் நிதியமைச்சர் சர் ஃபிரான்சிஸ் டாஷ்வுட் 1763ல் ஒரு வழி கண்டுபிடித்தார். சைடருக்கு ஒரு பெரிய பீப்பாய்க்கு (ஹாக்ஸ்ஹெட் என்பார்கள்) 4 ஷில்லிங் வரி. அதுவும் விற்பவரிடம் அல்ல, தயாரிப்பவரிடம்!

டெவன், சோமர்செட், ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கமெல்லாம் கொதித்துப் போனார்கள். அங்கே சைடர் சந்தைச் சரக்கு மட்டுமில்லை. பண்ணைக் கூலியாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியையே சைடராகத்தான் கொடுப்பார்கள். (இந்த வழக்கத்தை 1887ல்தான் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.) இன்னொரு கோபமும் இருந்தது. வீட்டுக்கென்று பீர் காய்ச்சிக்கொள்ளும் பணக்காரருக்கு வரி கிடையாது. தன் தோட்டத்து ஆப்பிளைப் பிழியும் விவசாயிக்கு மட்டும் வரி. இது என்ன நியாயம்?

ஆனால் என் கணக்கில் இந்த 4 ஷில்லிங்கை விடப் பெரிய விஷயம் கலால் அதிகாரிதான். யார் எவ்வளவு பிழிந்தார்கள் என்று பார்க்க அவர் வீட்டுக்குள்ளேயே வரலாம். வழக்கு வந்தால் ஜூரி கிடையாது. கலால் ஆணையர்களோ உள்ளூர் மாஜிஸ்திரேட்டோ தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கூரை ஒழுகும் குடிசையாக இருந்தாலும் ஏழையின் வாசலை அரசர்கூடத் தாண்ட முடியாது என்ற பொருளில் வில்லியம் பிட் பேசியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற பேச்சு இந்த மசோதாவை எதிர்த்துப் பேசியதுதான். ஊர் ஊராக மக்கள் முழங்கால் பூட்ஸைக் கொளுத்தினார்கள். புயூட், பூட்... பெயர்ப் பொருத்தம்! சட்டம் வந்த சில நாட்களிலேயே, 1763 ஏப்ரலில், புயூட் பதவி விலகினார். 1766ல் ராக்கிங்ஹாம் அரசு அந்த வரியை நீக்கியது. அமெரிக்கக் காலனிகளைக் கொதிக்க வைத்த முத்திரைத்தாள் சட்டத்தை ரத்து செய்ததும் அதே வருடம், அதே அரசுதான். இரண்டுக்கும் மூலம் அதே போர்க்கடன்.

பிறகு சைடர் வரி வருவதும் போவதுமாக இருந்தது. 1830ல் எடுத்தார்கள், முதல் உலகப்போர்ச் செலவுக்காக 1916ல் போட்டார்கள், 1923ல் மறுபடி எடுத்தார்கள். வரியில்லாத அந்த இடைக்காலத்தில்தான், 1887ல், ஹெரிஃபோர்ட் பக்கத்துப் பாதிரியார் மகன் பெர்சி புல்மர் அப்பாவின் தோட்டத்து ஆப்பிளில் சிறிய அளவில் சைடர் தொழில் ஆரம்பித்தார். பின்னால் அது உலகப் பெரிய சைடர் கம்பெனியாக வளர்ந்தது.

1976ல் வரி திரும்பி வந்தபோது அரசு பழசை மறக்கவில்லை என்று நினைக்கிறேன். சிறிய தயாரிப்பாளருக்கு விலக்கு கொடுத்தது. வருடத்துக்கு 70 ஹெக்டோலிட்டர், அதாவது 7000 லிட்டர் வரை வரி வேண்டாம். சுமார் 10 டன் ஆப்பிளைப் பிழிந்தால் வரும் அளவு இது. ஒரு குடும்பம் சொந்தத் தோட்டத்தை வைத்துச் சமாளிக்கலாம். பழைய கொட்டகைகளில் நிறையப் புதிய பிழிபொறிகள் ஏறின. ஆனால் வரி விலக்கு வேறு, விற்பனை உரிமம் வேறு. 2005 நவம்பரில் அமலுக்கு வந்த உரிமச் சட்டப்படி, வாசலில் வைத்து ஒரு பாட்டில் சில்லறையாக விற்கவும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது.

2015ல் ஐரோப்பிய ஆணையம் இந்த விலக்கை எடுக்கச் சொன்னது. சின்னச் சைடர்காரர்கள் மனுவில் கையெழுத்துத் திரட்டினார்கள். இந்த முறை யாரும் பூட்ஸைக் கொளுத்தவில்லை. விலக்கை எடுக்காமலேயே 2020 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது.