ஒட்டுக் கத்தியும் பூவின் பெயரும்: பியோனி வகைகளின் வரலாற்றை வாசிக்க ஒரு வழி

பியோனி வகைகளின் வரலாறு பெரும்பாலும் அரண்மனைக் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பேரரசி வூ சேத்தியன் கடுங்குளிரில் எல்லாப் பூக்களையும் மலரச் சொன்னாராம். பணிய மறுத்த மூதான் என்னும் மரப் பியோனிச் செடியைச் சாங்கானிலிருந்து லோயாங்குக்கு விரட்டினாராம். இந்தக் கதையும் தாங் காலக் கவிதைகளும் பூவை யார் விரும்பினார்கள் என்பதைச் சொல்கின்றன. காட்டிலோ தோட்டத்திலோ எங்கோ முளைத்த ஒற்றைச் செடி ஒரு ‘வகை’யாக எப்படி ஆனது, அதற்கு வைத்த பெயர் எப்படி நிலைத்தது என்பதை அவை சொல்வதில்லை. அதற்கான விடையைச் செடியைப் பெருக்கும் தொழிலில், முதன்மையாக ஒட்டுக் கட்டுவதில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பியோனியில் இரு பெரும் பிரிவுகள் தோட்டத்துக்கு வந்தன. மரத்தண்டு கொண்ட புதர் வகை மூதான். ஷாவ்யாவ் குளிர்காலத்தில் நிலத்துக்கு மேலே மடிந்து, வசந்தத்தில் கிழங்கு போன்ற வேரிலிருந்து சிவந்த முளைகளாக எழுவது. ஷாவ்யாவைப் பெருக்குவது எளிது: இலையுதிர் காலத்தில் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் சில முளைக்கண்கள் இருக்கும்படி பிளந்து நட்டால் போதும். மூதானை அப்படிப் பிளந்தால் ஓரிரு கன்றுகளுக்கு மேல் தேறாது. ஆகவே அதற்கு ஒட்டு தேவைப்பட்டது.

விதை ஏன் உதவவில்லை என்பதைப் பூவைப் பிரித்துப் பார்த்தாலே அறியலாம். காட்டுப் பியோனி ஒற்றைப் பூ. ஐந்து முதல் பத்து இதழ்கள், நடுவில் அடர்ந்த மகரந்தத்தாள்கள், அவற்றுக்குள் சூலகம். அடுக்குப் பூவில் அந்த மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறுகின்றன. பாதி மாறிய நிலையில், இதழின் விளிம்பில் மஞ்சள் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். மாற்றம் முற்றினால் சூலகமும் பச்சை கலந்த இதழாகிவிடும். அத்தகைய பூ விதை வைக்காது. விதை வைக்கும் அரை அடுக்கு வகைகளிலும் கன்று தாயைப் போல இருப்பதில்லை. முதல் பூவைக் காணவே நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ரசிகர்கள் எதை அழகு என்று கொண்டாடினார்களோ அதுவே செடியின் இயல்பான இனப்பெருக்கத்தை அடைத்தது. அடுக்கு கூடக் கூட மனிதக் கையைச் சார்ந்திருப்பதும் கூடியது.

இந்தச் சார்பை நேரில் கண்டு எழுதியவர் ஓவ்யாங் சியூ. இளம் அதிகாரியாக லோயாங்கில் பணியாற்றிவிட்டு 1034 வாக்கில் அவர் எழுதிய ‘லோயாங் மூதான் குறிப்பு’ 24 வகைகளைப் பெயர் சொல்லி விவரிக்கிறது. இலக்கிய ஆய்வாளர்கள் அந்நூலின் அழகியல் பகுதியை அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதன் தொழில் குறிப்புகளே மதிப்பு மிக்கவை. ஒட்டாத மூதான் நன்றாக இராது என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். வசந்தத் தொடக்கத்தில் ஷோவான் மலையிலிருந்து சிறு செடிகளை வெட்டிவந்து நகரத்தில் விற்பார்கள். அவற்றைப் பாத்தியில் நட்டு வளர்த்து, இலையுதிர் காலத்தில் வேர்ச்செடியாகப் பயன்படுத்துவார்கள். தரையிலிருந்து ஐந்து முதல் ஏழு அங்குல உயரத்தில் தண்டை வெட்டி ஒட்டுக்குச்சியைப் பொருத்துவார்கள்; சேறு பூசி, இளமண் அணைத்து, கோரை இலையால் சிறு குடில் போல மூடுவார்கள்; தெற்குப் பக்கம் மட்டும் காற்றுக்கு ஒரு சிறு வாசல். மூடியை வசந்தத்தில்தான் எடுப்பார்கள். கைராசிக்காரரான ஓர் ஒட்டுத் தொழிலாளியைச் செல்வர் வீடுகளெல்லாம் போட்டி போட்டு அழைத்தன.

பணமும் இங்கேதான் புரண்டது. யாவ் குடும்பத்தின் மஞ்சள் பூவான ‘யாவ் ஹுவாங்’கின் ஓர் ஒட்டுக்குச்சி 5000 காசு. இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் எழுதுவார்கள். வசந்தத்தில் சொன்ன பூ மலர்ந்த பிறகே பணம். வெய் குடும்பத்தின் ‘வெய் ஹுவா’வும் முதலில் 5000 காசுக்கு விற்றது, ஓவ்யாங் எழுதிய நாளில் 1000 காசாக இறங்கியிருந்தது. கிளைகள் பெருகப் பெருக விலை சரிந்தது. வகையின் மதிப்பு அதன் பிரதிகளின் எண்ணிக்கையோடு கட்டுண்டிருந்தது. லோயாங் மக்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதிகாரமுள்ளவர் ஒட்டுக்குச்சி கேட்டால் மறுக்க முடியாது. ஆகவே அதை வெந்நீரில் முக்கி உயிரைப் போக்கிவிட்டுக் கொடுத்ததும் உண்டாம். வகை என்பது ஒரு சொத்து என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே நூலில் ‘சியான்சி ஃபெய்’ பற்றிய குறிப்பு உண்டு. ஊதாப் பூச் செடி ஒன்றில் திடீரென ஓரிரு செந்நிறப் பூக்கள் தோன்றின. அடுத்த ஆண்டு அவை வேறு கிளைக்கு மாறிவிட்டன. லோயாங் மக்கள் இதைக் கிளை மாறும் பூ என்றார்கள்; அதன் ஒட்டுக்குச்சி கிடைப்பது மிக அரிது. இன்று மொட்டுத் திடீர்மாற்றம் எனப்படும் நிகழ்வின் பழைய பதிவாக இதைக் கொள்ளலாம். மாறிய கிளையைச் சரியான நேரத்தில் வெட்டி ஒட்டினால் அது புதிய வகை. தவறவிட்டால் வெறும் அதிசயம். 1082-இல் சோவ் ஷிஹோவ் தொகுத்த லோயாங் தாவரப் பட்டியலில் மூதான் வகைகள் 109. இத்தனை வகைகள் உருவானதை ரசனையின் வளர்ச்சி மட்டும் விளக்காது.

2014-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, தோட்ட மூதான்கள் ஐந்து காட்டினங்களின் கலப்பில் பிறந்தவை என்று காட்டியது. மலையிலிருந்து வந்த வேர்ச்செடிகளே இக்கலப்புக்கு ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஒட்டு பிடிக்காத பாத்தியில் வேர்ச்செடி தானே தழைத்துப் பூக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பூவோடு தேனீ அதைச் சேர்க்கும்.

எதிர்ப்பக்கச் சான்றாக ஆன்ஹுய் மாகாணத்தின் துங்லிங் பகுதியைப் பார்க்கலாம். அங்கே வேர்ப்பட்டை மருந்துக்காகப் பயிராகும் ‘ஃபெங் தான்’ வெண்ணிற ஒற்றைப் பூ, விதையிலிருந்தே வளர்க்கப்படுவது. நீண்ட காலம் ஏராளமாகப் பயிரிட்டும் அதில் யாவ், வெய் போன்ற பெயர்ப் பட்டியல் உருவாகவில்லை. பட்டைக்காகப் பயிரிடுபவருக்குத் தனிச்செடியின் பூவைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை.

ஐரோப்பாவில் வகைகளைப் பெருக்கியவர்கள் பிரெஞ்சு நாற்றங்கால்காரர்கள். அவர்களுடைய முதன்மைப் பொருள் ஷாவ்யாவ். காலோ, க்ரூஸ், நான்சி நகரத்து லெமுவான் ஆகியோர் விதைக் கன்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். இது என் வாதத்துக்கு மாறானதாகத் தோன்றலாம். ஆனால் விதை தந்தது ஒரு தனிச்செடியை மட்டுமே. லெமுவானின் ‘சாரா பெர்ன்ஹார்ட்’ 1906-இல் வெளிவந்து இன்றும் பூக்கடைகளில் இளஞ்சிவப்பாக நிற்கிறது என்றால், அந்த ஒரு கன்றின் வேரை நூறாண்டுக்கும் மேலாகப் பிளந்து வந்ததுதான் காரணம்.

பிளந்து பரப்பியதால் வந்த குழப்பமும் பெரிது. ஒரே செடி பல பெயர்களிலும், பல செடிகள் ஒரே பெயரிலும் விற்றன. 1903-இல் அமைந்த அமெரிக்க பியோனி சங்கம் இதைத் தீர்க்க கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, விற்பனையாளர்கள் அனுப்பிய செடிகளை இத்தாக்காவில் அருகருகே நட்டு ஒப்பிட்டது. 1907-இல் கார்னெலைச் சேர்ந்த காய்ட் பெயர்ப் பட்டியலை வெளியிட்டார். லோயாங்கில் பூ மலர்ந்த பின் பணம் கொடுத்ததும் இதே தர்க்கம்: பெயரை உறுதிசெய்யப் பூவைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை. இன்றைய ‘யாவ் ஹுவாங்’ பதினோராம் நூற்றாண்டுச் செடியின் நேர்த்தொடர்ச்சி என்று எழுதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒட்டுச் சங்கிலியில் ஒரே ஓர் இடத்தில் வேறு மஞ்சள் பூ நுழைந்திருந்தாலும் பெயர் அப்படியே தொடர்ந்திருக்கும். பெயரின் வயதைச் செடியின் வயதாகக் கொள்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய திருப்பத்தைத் தந்தவர் ஜப்பானின் தோய்ச்சி இதோ. 1948-இல் அவர் வெண்ணிற ஷாவ்யாவில், மஞ்சள் கலப்பு மரப் பியோனியான ‘ஆலிஸ் ஹார்டிங்’கின் மகரந்தத்தைச் சேர்த்தார். 1956-இல் காலமான அவர் கன்றுகள் பூத்ததைப் பார்க்கவில்லை. பின்னர் லூயிஸ் ஸ்மிர்னோ அவற்றில் நான்கை அமெரிக்காவில் 1974-இல் பதிவு செய்தார். இக்கலப்புகள் பெரும்பாலும் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்டவை. விதை வைப்பது அரிது. 1986-இல் வந்த ரோஜர் ஆண்டர்சனின் மஞ்சள் ‘பார்ட்செல்லா’ தொடக்கத்தில் ஒரு செடி ஆயிரம் டாலர் அளவுக்கு விலைபோனதும் உண்டு. மரம் போல இறுகிய அதன் வேர்த்தலையைப் பிளந்து ஆண்டுக்குச் சில கன்றுகளே எடுக்க முடிந்தது. திசு வளர்ப்பு ஆய்வகங்கள் அதைப் பெருக்கத் தொடங்கிய பிறகு, ‘வெய் ஹுவா’வின் விலை இறங்கியது போலவே இதன் விலையும் இறங்கிவிட்டது.