சானடோரியம் சொல்லும் ஆரோக்கியப் பாடம்

ஆரோக்கியம் என்றால் என்ன? நோய் இல்லாமல் இருப்பது மட்டுமா? இரும்புலியூர்க்காரர்கள் விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், கடற்கரை செல்லும் வழியில் முதலில் வரும் நிலையம் தாம்பரம் சானடோரியம். தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

சானடோரியம் என்பது காசநோயாளிகள் தங்கி, சுத்தமான காற்று, சத்தான உணவு, ஓய்வு ஆகியவற்றைப் பெறும் இடம். தாம்பரத்தில் இதை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர் இவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்குதான் இவரிடம் சிகிச்சை பெற்றார். 1937-ல் தாம்பரம் சானடோரியத்தை அரசு ஏற்றுக்கொண்டது.

அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் நோயாளியின் உடலைத் தேற்றுவதே வைத்தியமாக இருந்தது. இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் டாக்டர் மார்கஸ் பேட்டர்சன் 1905 முதல் ஒரு முறையைக் கையாண்டார். முதலில் சிறிது தூரம் நடை. பிறகு கூடையில் மண் சுமப்பது. அதன் பிறகே மண்வெட்டி வேலை. காய்ச்சல் வந்தால் மறுபடியும் ஓய்வு. எல்லோருக்கும் ஒரே இலக்கு இல்லை. அடுத்த படியை அவரவர் உடம்பே முடிவு செய்தது.

அடுத்த திருப்பம் சென்னையில் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வீட்டிலேயே சிகிச்சை, மற்றதற்கு சானடோரியத்தில். மருந்து ஒன்றுதான், காலமும் ஓராண்டுதான். வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, குறைவான சாப்பாடு, குறைவான ஓய்வு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடையும் அதிகம் கூடியது. ஆனால் 1959-ல் முடிவுகள் வெளியானபோது, குணமானவர்கள் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை! குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் தங்க வேண்டிய கட்டாயம் இதனால் உலகெங்கும் குறைந்தது.

உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றும் நலமாக இருப்பதே ஆரோக்கியம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் சொல்கிறது. இது 1948-ல் நடைமுறைக்கு வந்தது. வீட்டோடு இருந்தே குணமடைந்தவர்கள் அதற்கு நல்ல உதாரணம்.

இன்று ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே பத்து கிலோ குறைய வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். எடை இயந்திரம் காட்டும் எண் மட்டுமே ஆரோக்கியம் ஆகாது. இன்று அரை கிலோமீட்டர் நடக்க முடிந்தால் அதுவே முதல் படி. அது பழகிய பிறகு அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்.