ஏடு மாறினாலும் அமானிதம் மாறாது: வக்ஃபுப் பதிவேடு இணையத்துக்கு வந்த வரலாறு

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல் எனத் தென்சென்னைப் புறநகரில் நாம் தொழும் பள்ளிவாசல்களுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் நிய்யத் இருக்கிறது. பல்லாவரத்துப் படைமுகாமை அண்டியும், பம்மல், நாகல்கேணி தோல் பதனிடும் தொழிலை நம்பியும் நம்மவர்கள் இங்கே குடியேறினர். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் நிறுவனத்தால் வந்தது. அந்தத் தலைமுறையினர் தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கும் மையவாடிக்கும் மதரஸாவுக்கும் அல்லாஹ்வுக்காக எழுதி வைத்தனர். அந்த எழுத்து இன்று எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி, விற்கவோ வாரிசுரிமையாகப் பெறவோ முடியாத அறமாக்கிய வரலாற்றை நாம் அறிவோம். மூலம் நிலைக்க வேண்டும், பயன் ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்பதே வக்ஃபின் உயிர். மூலம் நிலைக்க வேண்டுமானால் அதற்குச் சான்று நிலைக்க வேண்டும்.

இந்தியாவில் இச்சான்றுக்கான போராட்டம் நீண்டது. குடும்ப வக்ஃபு செல்லாது என்ற பிரிவி கவுன்சிலின் 1894 ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கடக்க 1913 இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. முத்தவல்லிகள் சொத்து விவரத்தை நீதிமன்றத்தில் அளிக்க வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1954 ஆம் ஆண்டுச் சட்டம் வக்ஃபுகளை அளவாய்வு செய்து அரசிதழில் வெளியிடச் செய்தது. பின்னர் 1995 ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்தின் பதிவேட்டு முறையை விரிவாக்கியது. இக்காலமெல்லாம் பதிவு என்பது காகிதமாகவே இருந்தது.

வாரியங்களின் ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் மத்திய அரசின் திட்டம் 2009 இல் தொடங்கியது. அதன் விளைவே 'வாம்சி' என்ற இணையதளம். நாடு முழுவதும் சுமார் 8.72 லட்சம் அசையாச் சொத்துகள் அதில் இடம்பெற்றன. தமிழ்நாட்டின் பங்கு 66 ஆயிரத்துக்கும் மேல்.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், ஏற்கெனவே பதிவான வக்ஃபுகளும் புதிய தளத்தில் ஆறு மாதத்துக்குள் மறுபடி விவரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. 'உமீத்' என்ற அத்தளம் 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. முத்தவல்லி விவரத்தைப் பதிவேற்ற வேண்டும், வாரியம் சரிபார்க்க வேண்டும், அதன்பின் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும் என மூன்று படிகள் வகுக்கப்பட்டன. காலநீட்டிப்பு கோரிய மனுக்களில் பொது உத்தரவு பிறப்பிக்க உச்சநீதிமன்றம் டிசம்பர் 1 அன்று மறுத்து, தேவைப்படுவோர் வக்ஃபு தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. டிசம்பர் 6 அன்று கெடு முடிந்தபோது, பதிவைத் தொடங்கிய சொத்துகள் ஏறத்தாழ 5.17 லட்சம். ஒப்புதல் பெற்றவை ஏறத்தாழ 2.17 லட்சம் மட்டுமே. பழைய தளத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஏன் இத்தனை கடினம்? கணினித் துறையினர் புதிய தளத்தை நேராக மக்கள்முன் வைப்பதில்லை. முதலில் சோதனைத் தளம் ஒன்றில் அதை அமைப்பர். பழைய தரவின் நகலை அதில் ஏற்றி, எண்ணிக்கை பொருந்துகிறதா, ஒவ்வொரு புலமும் தன் இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பர். பலர் ஒரே நேரத்தில் நுழைந்தால் தாங்குமா என்றும் சோதிப்பர். மாற்றத்தன்று பழைய தளத்தில் திருத்தங்களை நிறுத்தி, கோளாறு நேர்ந்தால் திரும்புவதற்கு வழியும் வைத்திருப்பர். இவற்றில் குறை நேர்ந்தால் வல்லரசும் தடுமாறும். அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். நம் நாட்டின் வருமான வரித் தளம் 2021 ஜூன் 7 அன்று புது வடிவில் வந்து பல மாதம் கோளாறுகளுடன் இயங்கியது. ஆனால் அங்கே கணக்குத் தாக்கலுக்கான கெடு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

நம் பகுதியின் சிக்கல் இன்னும் நுட்பமானது. பல்லாவரத்தின் பழைய பத்திரம் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம் என்று சொல்லும். 1997 இல் அம்மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டம் வந்தது. 2019 இல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது. 2021 இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. கிராமப் புல எண்கள் பல இடங்களில் நகர அளவை எண்களாக மாறின. நிலம் அசையவில்லை, அதன் முகவரி மட்டும் நான்குமுறை மாறிவிட்டது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஆவணம் கையில் இல்லையென்றால், எந்தத் தளமும் அந்த நிலத்தை அடையாளம் காணாது.

இங்கே நம் முன்னோரின் முறை நினைவுக்கு வருகிறது. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானபின், அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுப்புப் பணியை ஒப்படைத்தார்கள். மனனத்தில் இருந்ததை மட்டும் நம்பாமல் எழுத்துச் சான்றையும் அவர்கள் தேடினார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள், ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகளைப் பெற்றுப் படியெடுத்தபின், மூலத்தை அவர்களிடமே திருப்பி அளித்தார்கள். இறைவேதத்தை நிலப் பதிவேட்டோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. சான்றோடு சரிபார், மூலத்தைக் காப்பாற்று என்ற ஒழுக்கத்தையே நாம் அவர்களிடம் கற்கிறோம்.

ஆகவே சட்டத்தைக் குறித்த நம் கருத்து எதுவாயினும், செய்ய வேண்டிய கடமை நம் கையில் உள்ளது. ஒவ்வொரு ஜமாஅத்தும் அசல் பத்திரம், அரசிதழ்ப் பக்கம், வாரியப் பதிவு எண், பட்டா, நகர அளவை எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் திரட்ட வேண்டும். உருதுவிலோ பாரசீகத்திலோ உள்ள ஆவணத்தை, அதைப் படிக்கத் தெரிந்த மூத்தவர் நம்மோடு இருக்கும்போதே மொழிபெயர்த்து வைக்க வேண்டும். தளத்தில் ஏற்றியபின் ஒப்புகையை அச்சிட்டு, பதிவான விவரத்தை இருவர் சேர்ந்து பத்திரத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். கணினி கற்ற நம் பிள்ளைகள் வாரத்தில் ஓர் அஸருக்குப்பின் பள்ளியில் அமர்ந்தால், இப்பணி சில வாரங்களில் முடியும்.

வக்ஃபு செய்தவர்கள் மண்ணறையில் நன்மையை எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்களின் அமானிதத்தை அடுத்த தலைமுறையிடம் பிழையின்றி ஒப்படைக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.