புவியியல் தகவல் முறைமை: படிப்பும் பணியும்

புவியியல் தகவல் முறைமை (ஜி.ஐ.எஸ்.) என்பது இடம் சார்ந்த தரவுகளை அடுக்கடுக்காகச் சேமித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆராய்ந்து, நிலப்படமாகத் தரும் கணினி முறைமை. ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் உள்ளன, அவற்றுள் தாழ்வான நிலத்தில் இருப்பவை எவை என்பன போன்ற கேள்விகளுக்கு இதில் விடை காணலாம்.

1960களில் கனடா அரசு தன் நிலவளத்தைக் கணக்கெடுக்க முனைந்தது. குவிந்த நிலப்படங்களைக் கையால் ஒப்பிட்டு முடிக்க இயலாது என்று கண்ட ரோஜர் டாம்லின்சன், அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் திட்டத்தை முன்னின்று உருவாக்கினார். துறையின் பெயரும் அப்போது பிறந்ததே.

படிப்பில் இருவகைத் தரவுகளை முதலில் கற்பிப்பார்கள். கிணறு, சாலை, வயல் ஆகியவற்றைப் புள்ளி, கோடு, பரப்பு என்று குறிப்பது வெக்டர். செயற்கைக்கோள் படம்போல் கட்டங்களால் ஆனது ராஸ்டர். இவை எளிதில் பிடிபடும். மாணவர்களைத் திணறடிப்பது ஆயத்தொலை முறைமைதான். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்குக் கொண்டுவர உலகை 60 மண்டலங்களாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையில், 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை ஓர் எல்லை. அது மதுரைக்குச் சற்று மேற்கே செல்வதால் கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும் சென்னை 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. மண்டலத்தை மாற்றிக் குறித்துவிட்டால் ஊர் கடலுக்குள் போய் நிற்கும். பழைய இந்திய நில அளவைத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் அடிப்படையைப் பயன்படுத்துகிறது. உரிய மாற்றம் செய்யாமல் இரண்டையும் சேர்த்தால், சாலை வீடுகளின் மேலேயே ஓடும். மென்பொருள் இதைப் பிழை என்று சொல்லாது. கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனமும் சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் இத்துறையில் பயிற்சி தருகின்றன. பயில்வதற்குக் கட்டணமற்ற கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளே போதும்.

நகரமைப்பு, வனத்துறை, நீர்வளம், பேரிடர் மேலாண்மை, மின்கம்பி வழித்தடம், தொல்லியல் அகழாய்வு எனப் பணிகள் பரந்துள்ளன. மென்பொருளை மட்டும் அறிந்தவருக்குப் பெரும்பாலும் படத்தில் கோடு வரையும் வேலையே கிடைக்கும்; நீரியலோ வேளாண்மையோ உடன் அறிந்தவர்தான் கோட்டுக்குப் பொருள் சொல்பவராகிறார். சுகாதாரத் துறைக்கு எடுத்துக்காட்டாக, மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த லண்டன் காலரா படத்தைக் காட்டுவார்கள். 1854இல் அந்தப் படத்தைப் பார்த்துத்தான், நோய் பரப்பிய தெரு அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்றும் சொல்வதுண்டு. உண்மையில் கைப்பிடி கழன்ற பிறகே படம் வந்தது; இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்ததுதான் முதலில் நடந்த வேலை.

இந்தியாவில் நிலப்படத் தரவு நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றியே நிலப்படத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் வழிவிட்டன.