ஆய்வும் இசையும்: யாழ்நூல் காட்டும் நெறி

இசை பயிலும் மாணவர் பலர், ஆராய்ச்சி ஏட்டுக்கு உரியது, இசை மேடைக்கு உரியது எனப் பிரித்து எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு விபுலானந்த அடிகளாரின் பணியே சான்று.

ஈழத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த அடிகளார் அறிவியல் பட்டதாரி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். அந்நாளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று நம் மக்களுக்குக் கல்வி புகட்டியதை நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. அடிகளார் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் துருவி ஆராய்ந்து, நரம்புகளின் சுருதி அளவுகளைக் கணித முறையால் வகுத்தார். நூல் எழுதியதோடு அமையாமல் யாழ்களையும் செய்வித்தார். 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் ‘யாழ்நூல்’ அரங்கேறியபோது, வித்துவான் க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டி இசைத்தார். ஏட்டிலே கண்ட கணக்கை அவையோர் செவியாரக் கேட்டனர். அடுத்த திங்களே அடிகளார் மறைந்தார்.

தொல்காப்பியம் யாழையும் பறையையும் திணைதோறும் உரிய கருப்பொருள்களாக ஒருங்கே எண்ணுகிறது. யாழுக்கு நூல் கிடைத்தது. பறையின் அடிவகைகளோ பெரும்பாலும் நம் முதியோர் கைகளிலேயே வாழ்கின்றன. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும்.

இளைஞர்களே! ஓர் அடியைப் பயில விழைந்தால், அறிந்த பெரியவரை நாடுங்கள். அது எந்நிகழ்ச்சிக்கு உரியது என வினவுங்கள். தாளக் கணக்கோடு எழுதுங்கள். எழுதியதை அவர் முன்னிலையில் வாசித்துத் திருத்தம் பெறுங்கள். பின்னர் அதன்மேல் புதியன படைத்து மேடையேற்றுங்கள். அப்பொழுதே நம் ஆய்வு நிறைவுபெறும்.